பின்னால் சத்தம், முன்னால் ஆபத்து: ஒரு மட்கார்டு பொருத்தலின் நிகழ்வு ஆய்வு

நண்பர் கொண்டுவந்த சைக்கிளுக்கு மூன்று புகார்கள். மேடுபள்ளத்தில் போனால் பின் மட்கார்டு கடகடக்கிறது. பின்னால் பை ஏற்றினால் டயர் எங்கோ உரசுகிறது. பின் மட்கார்டின் மேல் போல்ட்டுக்கு அருகே மயிரிழை அளவில் ஒரு விரிசல். "மட்கார்டைப் பிரேமோடு பிடிக்கும் கம்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கொடுத்தால் போதும், இல்லையா?" என்று கேட்டார். அதற்கு முன் பார்த்தவர்களும் அதைத்தான் செய்திருந்தார்கள். நட்டுகளை இறுக்கி, உரசிய இடத்தில் கம்பியை வளைத்து, ஆடிய இடத்தில் ரப்பர் துண்டு செருகியிருந்தார்கள். சத்தம் சில நாட்கள் அடங்கும், அப்புறம் திரும்ப வரும்.

வண்டி நீண்ட பயணத்துக்கான ஸ்டீல் பிரேம். 700சி சக்கரம், டயரில் 35 மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறது, அந்த ரிம்மில் அளந்தால் 34. மட்கார்டு 45 மி.மீ. அகல அலுமினியத் தகடு. டயரைவிட மட்கார்டு 10 மி.மீ. அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆக, பொருள் தேர்வில் குறை ஏதுமில்லை. முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக்.

முதலில் சக்கரம்

மட்கார்டு நேராக இருக்கிறதா என்பதைச் சக்கரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். சக்கரமே கோணலாக உட்கார்ந்திருந்தால் அதற்கேற்ற கோணலில் மட்கார்டையும் பொருத்திவிடுவோம். அடுத்த பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியதும் எல்லாம் கலைந்துவிடும். அதனால் வண்டியைத் தரையில் நிறுத்தி, ஆக்சில் பிடியைத் தளர்த்தி, பிரேமின் எடை ஆக்சில்மேல் முழுதாக இறங்கியபின் மறுபடி இறுக்கினேன். ரிம்மைச் சுழற்றிப் பார்த்ததில் பக்கவாட்டுக் கோட்டம் ஒரு மி.மீ.க்கும் குறைவு. பெண்டு எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

டயர்தான் சரியில்லை. டயரின் ஓரத்தில், ரிம்முக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு மெல்லிய வார்ப்புக் கோடு இருக்கும். டயர் சரியாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடும் ரிம் விளிம்பும் சுற்று முழுவதும் ஒரே தூரத்தில் ஓடும். இங்கே வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு அந்தக் கோடு ரிம்முக்குள் மறைந்து கிடந்தது. அந்த இடத்தில் டயர் தாழ்ந்து, மற்ற இடத்தில் எழும்பி, ஒரு சுற்றில் மூன்று மி.மீ. ஏறி இறங்கியது. காற்றை இறக்கி, ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கையால் அமுக்கிவிட்டு, மெல்லக் காற்று ஏற்றியதும் கோடு வெளியே வந்தது. உரசலில் ஒரு பங்கு மட்கார்டைத் தொடாமலேயே தீர்ந்தது.

போல்ட்டைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது

அடுத்து இடைவெளியை அளந்தேன். பெடல் அச்சுக்குப் பின்னால் இருக்கும் கீழ்க் குறுக்குக் குழாயருகே டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் 25 மி.மீ. சீட்டுக்கு அடியிலிருந்து பின் ஆக்சிலுக்கு இறங்கும் சீட் ஸ்டே குழாய்களை இணைக்கும் மேல் குறுக்குக் குழாயருகே 28. பின்நுனியில், கம்பிகள் பிடிக்கும் இடத்தில், வெறும் 8. பக்கத்திலிருந்து பார்த்தால் மட்கார்டின் வளைவும் டயரின் வளைவும் வெவ்வேறு வட்டங்களாக நின்றன.

இந்த எண்களைவிட அதிகம் சொன்னது கழற்றும் வேலை. மட்கார்டில் கோளாறு என்றால் போல்ட்டுகளை மொத்தமாகக் கழற்றிப் போடக் கூடாது. ஒன்றை மட்டும் மெல்லத் தளர்த்தி, அந்த இடத்தில் மட்கார்டு எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் அங்கே பொருத்தம் சரி. துள்ளி விலகினால், அந்த போல்ட்டு இவ்வளவு நாளும் தகட்டை வலுக்கட்டாயமாக இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். இங்கே மேல் போல்ட்டின் கடைசி மரை விட்டதும் தகடு 'டக்' என்று 12 மி.மீ. கீழே இறங்கியது. கீழ் போல்ட்டைக் கழற்றியதும் அங்கேயும் பின்னோக்கி 9 மி.மீ. விலகியது.

விரிசலுக்குக் காரணம் அந்த 12 மி.மீ.தான். குறுக்குக் குழாய்க்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த காலி இடத்தை ஸ்பேசர் (போல்ட்டு நுழையும் சிறு குழாய்த் துண்டு) போட்டு நிரப்பாமல், நீளமான போல்ட்டைப் போட்டுத் தகட்டையே மேலே இழுத்திருக்கிறார்கள். வண்டி நிற்கும்போதுகூடத் துளையைச் சுற்றி வளைவு அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அதிர்வும் அதன்மேல் கூடும். இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை அதிர்ந்தாலும் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய ஒரு எல்லை எஃகுக்கு உண்டு, அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சிறு அதிர்வும் கணக்கில் சேரும். துளையின் விளிம்பைத் தடவிப் பார்த்தால் துளையிட்ட பிசிறு அப்படியே இருந்தது, விரிசல் அந்தப் பிசிறிலிருந்துதான் கிளம்பியிருந்தது. இப்படி இருக்கும்போது கம்பியை இறுக்குவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

போல்ட்டின் வேலை பிடித்து வைப்பது மட்டுமே. வடிவத்தைத் திருத்துவது அதன் வேலை இல்லை. எந்த போல்ட்டும் இல்லாமல் மட்கார்டு தானாக எங்கே நிற்கிறதோ, அங்கேயே போல்ட்டு அதைச் சந்திக்க வேண்டும். இந்த வண்டியில் நான் செய்த வேலை அத்தனையும் இந்த ஒன்றைச் சாதிக்கத்தான்.

வளைவைத் திருத்துதல்

வெறும் மட்கார்டைக் கையில் எடுத்து, சக்கரத்தின்மேல் 15 மி.மீ. கனமுள்ள மூன்று மரத்துண்டுகளை வைத்து அதன்மேல் உட்கார்த்தினேன். நடுவில் சரியாக உட்கார்ந்தது, இரண்டு நுனிகளும் டயரைக் கவ்வின. அதாவது மட்கார்டின் வட்டம் தேவையைவிடச் சிறியது. கணக்கும் அதையே சொல்கிறது: ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ., அதில் பாதி 311, டயர் உயரம் சுமார் 34 சேர்த்தால் 345. இடைவெளி 15 வேண்டும் என்றால் மட்கார்டின் உள் ஆரம் 360 மி.மீ. வாக்கில் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் மட்கார்டு ஏதோ ஒரு டயர் அளவை மனதில் வைத்து வளைக்கப்பட்டிருக்கும். அது நம் டயராக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அலுமினியத்தைக் கையாலேயே திருத்தலாம். மடியில் துணியை விரித்து, தகட்டை அதன்மேல் வைத்து, இரண்டு கைகளாலும் ஒரு சாண் நீளத்துக்கு மெல்ல விரித்து, அப்புறம் கைகளை நகர்த்தி அடுத்த சாண். ஒரே இடத்தில் பலம் கொடுத்தால் தகடு மடிந்துவிடும், அந்த மடிப்பைப் பிறகு எடுக்கவே முடியாது. நுனியிலிருந்து நுனிவரை பலமுறை போய்வந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வளைவு மாறும்போது தகட்டின் அகலமும் லேசாக மாறும் என்பதால் அதையும் அளந்துகொள்வது நல்லது. இந்த வேலையில் அதிக நேரம் எடுத்தது இதுதான், அவசரப்படுத்தக் கூடாத இடமும் இதுதான். பிளாஸ்டிக் மட்கார்டாக இருந்தால் இந்தப் படி இல்லை. அது வளைந்துகொடுத்துவிடும். ஆனால் இழுத்துப் பிடித்தால் அதுவும் கம்பிப் பிடிப்பு இருக்கும் இடத்தில் வெடிக்கும்.

விரிசலை என்ன செய்வது? முன் மட்கார்டில் இருந்திருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடச் சொல்லியிருப்பேன். பின்னால், நீளமும் குறைவு என்பதால் காப்பாற்றப் பார்த்தேன். விரிசல் முடியும் புள்ளியில் இரண்டரை மி.மீ. துளை ஒன்று போட்டேன். கூர்மையான நுனியில் குவியும் அழுத்தம் வட்டத் துளையில் பரவிவிடும், விரிசல் முன்னேறுவது நிற்கும். நுனி எங்கே முடிகிறது என்று கண்ணை நம்பக் கூடாது. எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சிறிது சாக்பீஸ் தூள் தூவினால் எண்ணெய் ஊறி வரும் கோடு உண்மையான நீளத்தைக் காட்டிவிடும். இங்கே கண்ணுக்குத் தெரிந்ததைவிட அது நான்கு மி.மீ. கூடுதலாக ஓடியிருந்தது. அப்புறம் துளை விளிம்புகளை அரத்தால் வழித்து, உள்பக்கம் மட்கார்டின் வளைவுக்கே வளைத்த அகலமான தகட்டு வாஷர் ஒன்றை வைத்து, நடுவே மெல்லிய ரப்பர் கொடுத்தேன்.

பொருத்தும் வரிசை

கீழ்க் குறுக்குக் குழாயில் 10 மி.மீ. ஸ்பேசர், மேலே 12 மி.மீ. ஸ்பேசர். இரண்டையும் கைப்பிடி அளவுக்கு மட்டும் திருகினேன். சக்கரத்துக்கு நேர் பின்னால் குந்தி உட்கார்ந்து, டயரின் இரு பக்கமும் சமமாகத் தெரியும்வரை மட்கார்டை நகர்த்தினேன். பெடல் அச்சுப் பக்கமிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் செயின் ஸ்டே குழாய்களுக்கு நடுவில் மட்கார்டின் விளிம்பு எதையும் தொடக் கூடாது. தொட்டால் அந்த இடம் என்றைக்கும் சத்தம் போடும், பெயின்டையும் தின்னும்.

கம்பிகள் கடைசியில்தான். கம்பியை இரண்டு முனையிலும் தளர்வாக மாட்டி, மட்கார்டு தான் நிற்கிற இடத்தில் நிற்கும்போது கம்பி எந்த நீளத்தில் அதைச் சந்திக்கிறது என்று டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டேன். பழைய கம்பிகள் ஏற்கனவே குட்டையாக வெட்டப்பட்டிருந்தன, நுனி டயரை நெருங்கி நின்றதற்கு அதுவே காரணம். வேறு கம்பிகள் போட்டு, குறித்த இடத்தில் ஹேக்சாவால் அறுத்து, முனையை அரத்தால் உருட்டி, ரப்பர் மூடி மாட்டினேன். அறுத்த கம்பி முனை கணுக்காலருகே நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பின் சக்கரத்தின் வலப்பக்கம், கம்பியைப் பிரேமில் பிடிக்கும் எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட்டு. அது இரண்டு மி.மீ. நீளமாக இருந்தாலும் உள்பக்கம் துருத்திக்கொண்டு, செயின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கும்போது உரசும். ஸ்டாண்டில் பெரிய பல்சக்கரத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தால் எதுவும் தெரியாது. வண்டியைச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கண்ணை அந்த இடத்துக்கே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். இங்கே போல்ட்டு முனையில் செயின் தேய்த்த பளபளப்பு இருந்தது. உரசல் சத்தத்தின் இன்னொரு பங்கு அங்கே கிடைத்தது. போல்ட்டை அளவுக்கு வெட்டி, மரையில் நடுத்தரப் பிடிப்புள்ள மரைப் பசை தடவி மாட்டியதும் முடிந்தது.

எல்லாம் இறுகியபின் பின் சக்கர இடைவெளி கீழே 15, மேலே 16, நுனியில் 15.

யாரும் புகார் சொல்லாத முன் மட்கார்டு

முன் மட்கார்டிலிருந்து சத்தமே வரவில்லை. ஆனால் அளந்து பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. கீழ் நுனியில் இடைவெளி 20 மி.மீ., ஃபோர்க்கின் இரண்டு கால்களும் மேலே சேரும் இடமான ஃபோர்க் கிரவுனுக்கு அடியில் 7.

வண்டி முன்னோக்கிப் போகும்போது முன் சக்கரத்தின் பின்பக்கம் கீழிருந்து மேலே ஏறுகிறது. டயரில் ஒட்டிய கல்லோ குச்சியோ மட்கார்டின் கீழ் நுனி வழியாக உள்ளே போய், கிரவுன் வரை ஏறி, முன்னால் வெளியேற வேண்டும். அந்த வழி போகப் போகக் குறுகினால், உள்ளே நுழைந்தது எதுவானாலும் ஆப்பு அடித்ததுபோல இறுகும். டயர் அதை விடாமல் இழுக்கும், மட்கார்டும் கூடவே இழுபட்டு மடிந்து கிரவுனுக்குக் கீழே சுருண்டுகொள்ளும், முன் சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுவார். எச்சரிக்கைச் சத்தம் எதுவும் முன்கூட்டி வராது. இடைவெளி சீராக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது அழகுக்காக மட்டும் இல்லை என்பதற்கு இது ஒன்றே போதும். முழுச் சீராக அமையாத வண்டிகளில், சுழலும் திசையில் இடைவெளி அகலமாகிக்கொண்டே போகும்படியாவது வைக்க வேண்டும்.

கிரவுனுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எட்டு மி.மீ. உயரத்துக்கு வாஷர்களை அடுக்கியிருந்தார்கள். கையில் இருந்த போல்ட்டு நீளமாக இருந்ததால் அதை நிரப்ப அடுக்கியதாகத்தான் தெரிகிறது. பின்னால் தேவையான இடத்தில் ஸ்பேசர் இல்லை, முன்னால் தேவையில்லாத இடத்தில் இருந்தது. வாஷர்களை எடுத்து, குட்டையான போல்ட்டால் மட்கார்டைக் கிரவுனோடு ஒட்டி மாட்டியதில் இடைவெளி 15 ஆனது. போல்ட்டின் தலை தட்டையாக, உள்பக்கம் இருக்குமாறு வைத்தேன். மரை முனை டயர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கிடைத்த இடைவெளியில் பாதி அதற்கே போய்விடும். அது தண்ணீர் ஓட்டத்தையும் மறித்து அந்த இடத்தில் சொட்ட வைக்கும்.

அடுத்து, கம்பியின் ஃபோர்க் முனையில் சாதாரண போல்ட்டுக்குப் பதிலாக, பலமாக இழுத்தால் கழன்றுகொள்ளும் பிளாஸ்டிக் பிடிப்பு போட்டேன். ஏதாவது சிக்கினால் மட்கார்டின் கீழ்ப்பகுதி விடுபட்டு விலகும், சுருளாது. கெட்டியான உலோக மட்கார்டுக்கு இது தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. 20 மி.மீ. தாராள இடைவெளி இருக்கும் வண்டியில் அந்த வாதத்தை ஏற்கலாம். 15 மட்டுமே கிடைக்கிற வண்டியில் நான் ஏற்க மாட்டேன்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் கேலிப்பர் இடப்பக்கக் கம்பியின் வழியில் நின்றது. கம்பியை வளைத்துச் சுற்றிக் கொண்டுபோகலாம், அல்லது ஃபோர்க் முனையில் ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளலாம். ஸ்பேசர் நீளமாக ஆக போல்ட்டின்மேல் வளைவுச் சுமை கூடும், அதனால் பத்து மி.மீ.யோடு நிறுத்தி, மீதியை ஒரு சிறு வளைவால் சமாளித்தேன். வலப்பக்கமும் அதே வளைவு கொடுத்தால்தான் இரண்டு கம்பிகளும் ஒரே விறைப்பில் நிற்கும்.

கால் விரல் இடைவெளியையும் அளந்தேன். காலைக் கட்டிப் பிடிக்காத பெடல் உள்ள சைக்கிளில், பெடல் மையத்திலிருந்து முன் டயர் அல்லது மட்கார்டுவரை குறைந்தது 89 மி.மீ. வேண்டும் என்கிறது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. இங்கே 95 இருந்தது. ஆனாலும் மட்கார்டு சேரும்போது டயரைவிட ஒன்றரை, இரண்டு செ.மீ. பின்னால் வந்துவிடும். நெருக்கமான திருப்பத்தில் மெதுவாகப் போகும்போது ஷூவின் நுனி தொடலாம். நண்பரை ஒரு திறந்தவெளியில் மெல்ல எட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தொடுகிற கோணம் எது என்று அவர் காலுக்கே தெரிந்திருப்பது நல்லது.

தண்ணீர் போகும் பாதை

டயரிலிருந்து தெறிக்கும் நீர், அது விடுபடும் இடத்தில் தொடுகோட்டுத் திசையில் பறக்கும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் ஐந்தரை மீட்டர். சக்கரத்தின் பின்விளிம்பில், ஆக்சில் உயரத்தில் விடுபடும் துளி செங்குத்தாக மேலே கிளம்பும். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒன்றரை மீட்டர் ஏறும். முதுகு நனைவது இப்படித்தான். முன் சக்கரத்தின் கீழ்ப்பகுதியில் விடுபடுவது சாய்வாகப் பின்னோக்கி வந்து பாதம், பெடல் அச்சு, செயின் எல்லாவற்றையும் மணலோடு சேர்த்துக் கழுவும்.

நண்பரின் முன் மட்கார்டு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்திலேயே முடிந்துவிட்டது. அதன் நுனியில் மடங்கக்கூடிய ரப்பர் தட்டு ஒன்றைத் தரைக்கு ஏழு செ.மீ. மேலே வரை தொங்கவிட்டேன். கெட்டியான தகடு வைத்தால் படிக்கட்டில் இடித்து மட்கார்டையே நெளிக்கும். ஷூ காய்ந்திருப்பதைவிட, பெடல் அச்சிலும் செயினிலும் மணல் சேராமல் போவதுதான் நீண்ட நாள் லாபம்.

சோதனையும் பின்தொடர்தலும்

வண்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி விட்டேன். சத்தமில்லை. மட்கார்டு நெடுகிலும் விரல் முட்டியால் தட்டினேன். சரியாகப் பொருந்திய மட்கார்டு எங்கே தட்டினாலும் மந்தமான ஒரே ஒலி தரும், கணீரென்று ஒலித்தால் அங்கே ஏதோ தளர்ந்திருக்கிறது. பை ஏற்றி, எழுந்து நின்று மிதித்துப் பார்த்ததிலும் உரசல் இல்லை.

மழைக்காலம் முடிந்தபின் வண்டியை மறுபடி பார்த்தேன். விரிசல் துளையைத் தாண்டவில்லை. ஈரமான சாலையில் ஓடியும் பெடல் அச்சைச் சுற்றி மண் படிவு லேசாகத்தான் இருந்தது. முன் இடப்பக்கப் பிளாஸ்டிக் பிடிப்பு மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது, கேலிப்பர் பக்கத்துக் கம்பியின் அதிர்வு காரணமாக இருக்கலாம். அந்தப் பிடிப்பை அவ்வப்போது கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். விரிசல் துளைக்கு அப்பால் தலைகாட்டினால் பின் மட்கார்டை மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னேன்.

அப்போதுதான் அவர், அடுத்த முறை 38 மி.மீ. டயர் போடலாமா என்று கேட்டார். பின்னால் சமாளிக்கலாம். முன்னால் டயர் சுமார் மூன்று மி.மீ. உயரும், கிரவுனுக்கு அடியில் 15 என்பது 12 ஆகும், மட்கார்டை மேலே ஏற்ற இனி இடமில்லை. 45 மி.மீ. மட்கார்டுக்குள் பக்கவாட்டிலும் மூன்று, நான்கு மி.மீ.தான் மிஞ்சும். 35-லேயே இருங்கள் என்றேன். அவரும் சரி என்றார்.